பூல் அளவைக் கூட்டியும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை: ஹிகாரிசிபி + போஸ்ட்கிரெஸ்

நூலேணி கேட்டது:

ஸ்பிரிங் பூட் 3 (ஜாவா ஃபிரேம்வொர்க்), ஜேபிஏ (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேபிள்களோடு இணைப்பது), ஹிகாரிசிபி (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துக் கோரிக்கைகளுக்குக் கடன் கொடுக்கும் பூல்), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒரே ஆப் குபெர்னெட்டஸில் 6 பாட்களாக (தனித்தனிப் பிரதிகளாக) ஓடுகிறது. உச்ச நேரத்தில் பாட் ஒன்றுக்கு நொடிக்கு 60 கோரிக்கைகள் வரை வரும். லோடு ஏறியதும் லாகில் இது கொட்டுகிறது:

ஹிகாரிபூல்-1 - கனெக்‌ஷன் இஸ் நாட் அவெய்லபிள், ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் ஆஃப்டர் 30000எம்எஸ், டோட்டல்=10, ஆக்டிவ்=10, ஐடில்=0, வெயிட்டிங்=37

மேக்ஸிமம் பூல் சைஸை 10-லிருந்து 50 ஆக்கிப் பார்த்தேன். இந்தப் பிழை குறைந்தது. பதிலுக்கு டேட்டாபேஸ் பக்கமிருந்து "சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி" வரத் தொடங்கியது. மறுபடியும் 10-க்கே வந்துவிட்டேன்.

டேட்டாபேஸ் சர்வரில் 8 கோர். பிழை கொட்டும்போதும் அதன் சிபியூ 15 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மெதுவான க்வெரியும் இல்லை. ஒரு கோரிக்கைக்கான க்வெரிகள் எல்லாம் சேர்ந்து 15 மில்லிசெகண்டில் முடிகின்றன. டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது, பூல் காலியாக இருக்கிறது. இது எப்படி? கனெக்‌ஷன் எங்காவது கசிகிறதா? சரியான பூல் அளவுதான் என்ன?

---

தரவுத்தோணி எழுதியது:

அந்த லாக் வரியில் உள்ள "ஆக்டிவ்" என்ற சொல்தான் பலரையும் குழப்புகிறது. ஹிகாரியைப் பொறுத்தவரை ஆக்டிவ் என்றால் "யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை" என்று மட்டுமே பொருள். அந்தக் கனெக்‌ஷனில் க்வெரி ஓடுகிறதா என்பது ஹிகாரிக்குத் தெரியாது. ஆக, உங்கள் 10 கனெக்‌ஷனையும் ஜாவா கையில் வைத்துக்கொண்டு வேறு ஏதோ செய்துகொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரே நேரத்தில் தேவைப்படும் கனெக்‌ஷன் எண்ணிக்கை = நொடிக்கு வரும் கோரிக்கை × ஒரு கோரிக்கை கனெக்‌ஷனைக் கையில் வைத்திருக்கும் நேரம். நீங்கள் சொல்லும் 15 மில்லிசெகண்ட் உண்மையானால் 60 × 0.015 = 0.9. சராசரியாக ஒரே ஒரு கனெக்‌ஷன் போதும்! திடீர் நெரிசலுக்கு இடம் விட்டாலும் 10 தாராளம். அதே கோரிக்கை, கனெக்‌ஷனை வைத்துக்கொண்டே 400 மில்லிசெகண்ட் எடுக்கும் ஒரு வெளி சேவையைக் கூப்பிட்டால் 60 × 0.415 = 24.9. அப்போது 10 எப்படிப் போதும்? எண்ணிக்கையை விட்டுவிட்டு, வைத்திருக்கும் நேரத்தைத் துரத்துங்கள்.

யார் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க, பிழை வரும் நேரத்தில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி வியூவில் ஸ்டேட், ஸ்டேட்_சேஞ்ச், க்வெரி மூன்றையும் எடுங்கள். ஜேடிபிசி யூஆர்எல்லில் அப்ளிகேஷன்நேம் கொடுத்திருந்தால் எந்த ஆப் என்று பிரித்துப் பார்ப்பது எளிது.

பெரும்பாலான வரிசைகள் "ஆக்டிவ்" என்றிருந்தால் க்வெரியே மெதுவாக இருக்கிறது, அல்லது டேட்டாபேஸ் பூட்டுக்காகக் (lock) காத்திருக்கிறது. வெயிட்_ஈவென்ட்_டைப்பில் "லாக்" என்று வரும். உங்கள் சிபியூ அளவைப் பார்த்தால் முதலாவது இல்லை.

"ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்" என்று குவிந்திருந்தால், ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து ஒரு க்வெரியாவது ஓட்டிவிட்டு, கமிட் செய்யாமல் ஜாவா வேறு வேலைக்குப் போய்விட்டது. வெளி சேவை அழைப்பு, ஃபைல் அப்லோட், பிடிஎஃப் தயாரிப்பு, மெயில் அனுப்புதல் போன்றவைதான் வழக்கமான காரணங்கள். க்வெரி நிரலில் தெரிவது கடைசியாக ஓடிய எஸ்க்யூஎல். கோடில் அதற்கு அடுத்த வரிக்குப் போனால் குற்றவாளி அங்கேயே நிற்பார்.

ஹிகாரி ஆக்டிவ்=10 என்கிறது, டேட்டாபேஸோ வெறும் "ஐடில்" என்கிறது என்றால் முதலில் ஓபன்-இன்-வியூவை (கோரிக்கை முடியும் வரை ஜேபிஏ செஷனைத் திறந்தே வைக்கும் அமைப்பு) சந்தேகியுங்கள். ஸ்பிரிங் பூட்டில் அது இயல்பாகவே ட்ரூ. ஆப் எழும்போது லாகில் ஓர் எச்சரிக்கை வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. அது ஆனில் இருந்தால் சர்வீஸ் மெத்தட் கமிட் ஆன பிறகும், ஜேசன் எழுதி முடித்துப் பதில் போகும் வரை கனெக்‌ஷன் அந்தக் கோரிக்கையிடமே இருக்கும். ஸ்பிரிங்.ஜேபிஏ.ஓபன்-இன்-வியூ = ஃபால்ஸ் என்று வையுங்கள். வைத்தவுடன் லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் (செஷன் மூடிய பிறகு தரவை ஏற்றப் பார்க்கும் பிழை) சில இடங்களில் வெடிக்கும். அவற்றை, தேவையான தரவை முன்கூட்டியே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச், என்டிட்டி கிராஃப், அல்லது டிடிஓ ப்ரொஜெக்‌ஷன் கொண்டு சர்வீஸுக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், ஆனாலும் செய்யத் தகுந்த வேலை.

கசிவா, அதாவது வாங்கிய கனெக்‌ஷன் திரும்பாமலே போகிறதா என்று கேட்டீர்கள். லீக்-டிடெக்‌ஷன்-த்ரெஷோல்டை 5000 என்று வையுங்கள். மில்லிசெகண்ட் கணக்கு, இயல்பாக 0, அதாவது அணைந்திருக்கும், 2000-க்குக் கீழே ஏற்காது. 5 நொடிக்கு மேல் திரும்பாத கனெக்‌ஷனுக்கு, அது வாங்கப்பட்ட இடத்தின் ஸ்டாக் ட்ரேஸ் லாகில் விழும். சிக்கி நிற்கும் இடத்தை அது காட்டாது. அதற்கு அதே நேரத்தில் ஒரு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுக்க வேண்டும். இன்னொன்று: இது எச்சரிக்கை மட்டுமே தரும், கனெக்‌ஷனைப் பிடுங்கி வராது.

அந்த எச்சரிக்கைக்குப் பின் கொஞ்ச நேரம் கழித்து அதே கனெக்‌ஷனுக்கு "அன்லீக்டு" என்று முடியும் ஒரு வரி வந்தால் அது கசிவு இல்லை, நீண்ட பிடிப்பு. வரவே இல்லை என்றால்தான் உண்மையான கசிவு: கெட்கனெக்‌ஷன் கூப்பிட்டு, எக்ஸெப்ஷன் பாதையில் க்ளோஸ் விட்டுப்போன கோடு. ஜாவா 7-லிருந்து ட்ரை-வித்-ரிசோர்ஸஸ் இருக்கிறது. கனெக்‌ஷன், ஸ்டேட்மென்ட், ரிசல்ட்செட் மூன்றையும் அதற்குள் வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

---

கொக்கி எழுதியது:

அளவு பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

போஸ்ட்கிரெஸில் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. மிச்சம் 97. நீங்கள் 50 வைத்தபோது 6 × 50 = 300 கேட்டீர்கள். பிழை வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

10 வைத்தாலும் 60 என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். ரோலிங் அப்டேட்டின்போது மேக்ஸ்சர்ஜ் இயல்பாக 25 சதவீதம், மேல்நோக்கி முழுமையாக்கப்படும்; 6-க்கு 2 பாட் கூடுதல். 8 × 10 = 80. மூடிக்கொண்டிருக்கும் பழைய பாட்கள் அந்த எண்ணிக்கையில் சேராமலே இன்னும் சில நொடிகள் கனெக்‌ஷனை வைத்திருக்கும். பேட்ச் வேலைகள், மைக்ரேஷன் கருவி, யாரோ திறந்து வைத்திருக்கும் டிபீவர் (டேட்டாபேஸ் பார்க்கும் கருவி) எல்லாம் மிச்சமுள்ள இடத்தில்தான் நுழைய வேண்டும்.

மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 500 ஆக்கிவிடலாமே என்பது அடுத்து வரும் யோசனை. போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷன் என்பது ஒரு தனி ப்ராசஸ். 8 கோரில் 300 ப்ராசஸ் ஒரே நேரத்தில் வேலை செய்யப் போட்டியிட்டால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்சிலும் உள் பூட்டுகளிலும் நேரம் போகும். ஒவ்வொரு க்வெரியும் தாமதமாகும். தாமதமானால் கனெக்‌ஷனை இன்னும் நேரம் பிடித்திருக்கும். நெரிசல் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும்.

தொடக்கப் புள்ளியாக போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் சொல்லப்படும் சூத்திரம்: கோர் எண்ணிக்கை × 2 + டிஸ்க் சுழல்கள். உங்களுக்கு 8 × 2 + 1 = 17. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இதை ஒவ்வொரு பாடுக்கும் வைப்பது. இது டேட்டாபேஸ் முழுவதற்குமான, ஒரே நேரத்தில் வேலை செய்யும் கனெக்‌ஷன்களின் எண்ணிக்கை. அப்படிப் பார்த்தால் பாட் ஒன்றுக்கு 3 கூடப் போதும். 10 ஏற்கெனவே அதிகம்தான். சூத்திரத்தை வேதமாக எடுக்க வேண்டாம். 5-இல் தொடங்கி, லோடு டெஸ்டில் 8, 10 என்று ஏற்றி, எங்கே வெளியீடு கூடாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

மினிமம்-ஐடிலைத் தனியாக வைக்காதீர்கள். வைக்காவிட்டால் அது மேக்ஸிமத்துக்குச் சமமாக இருக்கும். பூல் நிலையான அளவில் நிற்கும். 2-க்கும் 10-க்கும் இடையில் ஏறி இறங்க விட்டால், நெரிசல் வரும் அந்த நொடியிலேயே டிசிபி, டிஎல்எஸ், ஆதென்டிகேஷன், புது ப்ராசஸ் என்று எல்லாச் செலவும் வந்து விழும்.

---

மறுமுனை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் கோடில் ப்ரொபகேஷன் ரிக்வயர்ஸ் நியூ (உள்ளே தனி ட்ரான்ஸாக்‌ஷன் திற என்ற அமைப்பு) எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். வெயிட்டிங்=37 என்றிருப்பதும், சரியாக 30 நொடி உறைந்து பிறகு தானே தெளிவதும் அதன் அடையாளமாக இருக்கலாம்.

வெளி ட்ரான்ஸாக்‌ஷன் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்திருக்கிறது. உள்ளே ரிக்வயர்ஸ் நியூ வந்ததும் வெளியதை நிறுத்திவைத்து, அதே த்ரெட் இரண்டாவது கனெக்‌ஷன் கேட்கிறது. 10 த்ரெட் ஒரே நேரத்தில் முதல் கனெக்‌ஷனை எடுத்துவிட்டால், பத்தும் இரண்டாவதற்காகக் காத்து நிற்கும். தருவதற்கு எவரிடமும் எதுவும் இல்லை. கனெக்‌ஷன்-டைம்அவுட் 30 நொடி முடிந்து எக்ஸெப்ஷன் விழுந்தால்தான் முடிச்சு அவிழும். டேட்டாபேஸ் இதை டெட்லாக் என்று பார்க்காது, ஏனென்றால் அதன் பூட்டு (lock) எதுவும் இதில் இல்லை. சிபியூ 15 சதவீதத்தில் இருப்பதற்கும் இது பொருந்துகிறது.

இந்த முடிச்சு விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு: த்ரெட் எண்ணிக்கை × (ஒரு த்ரெட்டுக்குத் தேவையான கனெக்‌ஷன் − 1) + 1. டாம்கேட்டின் இயல்பான 200 த்ரெட்டுக்கு 200 × 1 + 1 = 201. நடைமுறைக்கு ஒத்துவராது, கோடைத்தான் மாற்ற வேண்டும்.

பெரும்பாலும் ஆடிட் லாக் எழுதத்தான் ரிக்வயர்ஸ் நியூ போடுகிறார்கள்: முதன்மை வேலை ரோல்பேக் ஆனாலும் ஆடிட் நிற்க வேண்டும் என்பதற்காக. @ட்ரான்ஸாக்‌ஷனல் இல்லாத ஒரு வெளி மெத்தடை எழுதி, அதிலிருந்து முதலில் முதன்மை சர்வீஸையும், அது முடிந்த பிறகு, ஃபைனலியில், ஆடிட் சர்வீஸையும் கூப்பிடுங்கள். இரண்டும் அடுத்தடுத்த தனி ட்ரான்ஸாக்‌ஷன்கள். எந்த நேரத்திலும் கையில் ஒரு கனெக்‌ஷன்தான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆடிட்டை ட்ரான்ஸாக்‌ஷனல் ஈவென்ட் லிஸனரின் ஆஃப்டர் கமிட்டில் ரிக்வயர்ஸ் நியூவோடு போட்டால் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். இல்லை. கமிட் முடிந்திருந்தாலும், ஆஃப்டர் கமிட் ஓடும்போது வெளிக் கனெக்‌ஷன் இன்னும் பூலுக்குத் திரும்பியிருக்காது. எல்லாக் கால்பேக்கும் முடிந்த பிறகுதான் ஸ்பிரிங் அதை விடுவிக்கிறது. அங்கேயும் இரண்டு கனெக்‌ஷன்தான். லிஸனரை @ஏசிங்க் ஆக்கி வேறு த்ரெட்டுக்குத் தள்ளினால் சரி.

---

நூலேணி எழுதியது:

மூவருக்கும் நன்றி. பார்த்ததைப் பதிகிறேன்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் 10-இல் 7 "ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்". கடைசி க்வெரி ஆர்டர் டேபிள் செலக்ட். அதற்கு அடுத்த வரியில் @ட்ரான்ஸாக்‌ஷனலுக்குள்ளேயே வெளி சேவைக்கு ஓர் எச்டிடிபி அழைப்பு. டைம்அவுட் எதுவும் வைக்கப்படவில்லை. லீக் எச்சரிக்கைகள் எல்லாம் பிறகு "அன்லீக்டு" ஆகிவிட்டன, ஆக கசிவு இல்லை. ஆடிட்டில் ரிக்வயர்ஸ் நியூவும் இருந்தது, மறுமுனை சொன்ன அதே அமைப்பு.

அழைப்பை ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே எடுத்து, ஆடிட்டைப் பிரித்து, ஓபன்-இன்-வியூவை அணைத்தேன். அதே லோடில் ஆக்டிவ் 2-ஐத் தாண்டுவது அரிது, வெயிட்டிங் 0.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று: சில மெத்தட்களில் முதலில் எச்டிடிபி அழைப்பு, பிறகுதான் எஸ்க்யூஎல். அதுவும் கனெக்‌ஷனைப் பிடிக்குமா? இரண்டு: நடமாட்டம் குறைந்த நேரத்துக்குப் பின் வரும் முதல் சில கோரிக்கைகள் 5 நொடி, சில சமயம் 10 நொடி எடுக்கின்றன. லாகில் "ஃபெயில்டு டு வேலிடேட் கனெக்‌ஷன்... பாசிப்ளி கன்சிடர் யூசிங் எ ஷார்ட்டர் மேக்ஸ்லைஃப்டைம் வேல்யூ" என்று வருகிறது.

---

தரவுத்தோணி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு: பிடிக்கும். @ட்ரான்ஸாக்‌ஷனல் மெத்தட் தொடங்கியதும் ஹைபர்நேட் (ஜேபிஏவை இயக்கும் லைப்ரரி) ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தானே கமிட் ஆவது) அணைக்க வேண்டும். அதற்காகவே கனெக்‌ஷனை வாங்கிவிடும். எஸ்க்யூஎல் எதுவும் போகாததால் பிகின்கூட டேட்டாபேஸுக்குப் போயிருக்காது. அங்கே வெறும் "ஐடில்" என்றுதான் தெரியும். மேலே ஐடில் என்றால் ஓபன்-இன்-வியூ என்றேன், இதுவும் அதே தோற்றம் தரும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தீர்வு: ஹிகாரியில் ஆட்டோ-கமிட்டை ஃபால்ஸ் ஆக்கி, ஹைபர்நேட்டில் கனெக்‌ஷன்.ப்ரொவைடர்_டிசேபிள்ஸ்_ஆட்டோகமிட்டை ட்ரூ ஆக்குங்கள். முதல் எஸ்க்யூஎல் வரை கனெக்‌ஷன் வாங்குவது தள்ளிப்போகும். இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவதை மட்டும் மாற்றினால், ஆட்டோகமிட் அணைந்திருக்கிறது என்று நம்பி ஹைபர்நேட் நடக்கும். உண்மையில் ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் தனித்தனியாகக் கமிட் ஆகும். ரோல்பேக் வேலை செய்யாது. தரவு பாழாகும் வகைத் தவறு இது.

---

கொக்கி எழுதியது:

5 நொடி என்ற எண்ணே விடையைச் சொல்கிறது. ஹிகாரியின் வேலிடேஷன்-டைம்அவுட் இயல்பாக 5000. நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால், நேட், அல்லது லோட் பேலன்ஸர், பேச்சு இல்லாத டிசிபி இணைப்பை இரு பக்கமும் சொல்லாமல் மறந்துவிடுகிறது. ஜாவா அது உயிரோடு இருப்பதாக நினைத்து, அதைச் சோதிக்கும் இஸ்வேலிட் அனுப்புகிறது, பதில் வரவில்லை, 5 நொடி காத்துத் தூக்கி எறிகிறது. அடுத்ததும் செத்ததாக இருந்தால் இன்னொரு 5. இதுவே டேட்டாபேஸ் ஒழுங்காக மூடியிருந்தால் பிழை உடனே வந்திருக்கும், தாமதம் இருக்காது.

நடுவில் எது இருக்கிறது, அதன் ஐடில் வரம்பு என்ன என்று பாருங்கள். ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க் லோட் பேலன்ஸரில் அது இயல்பாக 350 நொடி, அஸ்யூர் லோட் பேலன்ஸரில் 4 நிமிடம். ஹிகாரியின் மேக்ஸ்-லைஃப்டைம் 30 நிமிடம். லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் முதல் முறை துடிப்பதற்கே 7200 நொடி ஆகும், அது இங்கே உதவாது.

கீப்அலைவ்-டைமை 120000 வையுங்கள். சும்மா கிடக்கும் கனெக்‌ஷனை 2 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். நடுவில் உள்ள சாதனத்தின் வரம்பைவிட இது குறைவாக இருந்தால் போதும், மேக்ஸ்-லைஃப்டைமைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வயதில் டேட்டாபேஸோ ப்ராக்ஸியோ கனெக்‌ஷனை வெட்டுகிறது என்றால் மட்டும் மேக்ஸ்-லைஃப்டைமை அந்த வயதைவிடச் சில நொடிகள் குறைவாக வையுங்கள்.

கனெக்‌ஷன்-டைம்அவுட் இன்னும் 30 நொடி என்றால் அதை 3 நொடிக்குக் கொண்டுவாருங்கள். 30 நொடி காத்திருக்கும் பயனர் யாரும் இல்லை. காத்திருக்கும் த்ரெட்கள்தான் டாம்கேட்டை நிரப்பும். வேலிடேஷன்-டைம்அவுட் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், 1000 வையுங்கள்.

கடைசியாக சாக்கெட்டைம்அவுட். இது ஹிகாரியின் அமைப்பு அல்ல, டிரைவருடையது. இயல்பாக 0, அதாவது முடிவில்லாமல் காத்திருக்கும். க்வெரி ஓடும்போது நெட்வொர்க் அறுந்தால் அந்தத் த்ரெட்டும் கனெக்‌ஷனும் போனது போனதுதான், ஹிகாரியால் மீட்க முடியாது. போஸ்ட்கிரெஸ் டிரைவரில் இதன் அலகு நொடி, மைஎஸ்க்யூஎல் டிரைவரில் மில்லிசெகண்ட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 30 என்று அப்படியே நகலெடுத்தால் மைஎஸ்க்யூஎல்லில் 30 மில்லிசெகண்டில் எல்லாம் அறுபடும். அத்துடன் போஸ்ட்கிரெஸின் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்டைச் சாக்கெட்டைம்அவுட்டைவிடக் குறைவாக வையுங்கள், உதாரணமாக ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் 20 நொடி, சாக்கெட்டைம்அவுட் 30 நொடி. இல்லாவிட்டால் ஜாவா விட்டுப்போன பிறகும் டேட்டாபேஸ் அந்த க்வெரியை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

---

வலைக்கண்ணி எழுதியது:

இதே திரியில் ஒரு துணைக்கேள்வி. ஜாவா 21-இல் வெர்ச்சுவல் த்ரெட்டை (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்) இயக்கினால் இதில் எது மாறும்? ஆப்புக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் நிற்கும் பூலரான பிஜிபவுன்சரைப் போட்டால் பூல் அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா?

---

மறுமுனை எழுதியது:

வெர்ச்சுவல் த்ரெட் வந்தால் டாம்கேட்டின் 200 என்ற தடுப்பு போய்விடும். டேட்டாபேஸின் கோர் எண்ணிக்கை மாறாது. முன்பு வாசலில் நின்ற கூட்டம் இப்போது பூலின் முன் ஆயிரக்கணக்கில் நிற்கும். டேட்டாபேஸைத் தொடும் வேலைக்கு முன் ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம் என்று கட்டுப்படுத்துவது) வைத்து, பூலைப் போல 2, 3 மடங்கு மட்டும் உள்ளே விட்டு, மற்றதற்கு உடனே 503 (சேவை இப்போது இல்லை) சொல்வது நல்லது. மேலே சொன்ன ரிக்வயர்ஸ் நியூ முடிச்சு இன்னும் மோசமாகும், ஏனென்றால் த்ரெட் எண்ணிக்கைக்கு மேல்வரம்பே இல்லை. ஜாவா 21-இல் சின்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருக்கும் வெர்ச்சுவல் த்ரெட், தன்னைச் சுமக்கும் உண்மையான த்ரெட்டையும் கட்டிப்போடும் என்பதையும் கவனியுங்கள். பழைய டிரைவர்களில் சின்க்ரனைஸ்டு நிறைய உண்டு. ஜாவா 24-இல் இது தீர்ந்துவிட்டது.

பிஜிபவுன்சர், பாட்கள் நிறைய இருந்து ஒவ்வொன்றும் அரிதாகவே டேட்டாபேஸைத் தொடும்போது உதவும். ட்ரான்ஸாக்‌ஷன் மோடில், ட்ரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் உண்மையான கனெக்‌ஷனை வேறொருவருக்குக் கொடுக்கும். இந்தத் திரியில் இருந்த கோளாறுக்கு அது மருந்தில்லை: ட்ரான்ஸாக்‌ஷன் திறந்தே இருந்தால் பிஜிபவுன்சரும் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த மோடில் செஷன் அளவிலான செட், செஷன் அட்வைசரி லாக் இரண்டும் நம்பிக்கைக்குரியவை அல்ல. ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டுகளுக்கு 1.21-க்கு முந்தைய பதிப்பென்றால் டிரைவரில் ப்ரிப்பேர்த்ரெஷோல்டை 0 ஆக்க வேண்டும்; 1.21 முதல் மேக்ஸ்_ப்ரிப்பேர்டு_ஸ்டேட்மென்ட்ஸை 0-க்கு மேல் வைத்தால் பிஜிபவுன்சரே பார்த்துக்கொள்ளும்.

நூலேணி, மைக்ரோமீட்டரில் (அளவீடுகளைச் சேகரிக்கும் லைப்ரரி) ஹிகாரிசிபி.கனெக்‌ஷன்ஸ்.பெண்டிங், ஹிகாரிசிபி.கனெக்‌ஷன்ஸ்.யூசேஜ் இரண்டுக்கும் அலர்ட் வையுங்கள். யூசேஜ்தான் கனெக்‌ஷன் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதைச் சொல்வது. யாராவது மறுபடியும் ஒரு எச்டிடிபி அழைப்பை ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் நுழைத்தால், பூல் தீர்ந்துபோவதற்கு முன்பே அது ஏறத் தொடங்கும்.

---

நூலேணி எழுதியது:

கீப்அலைவ் 120000, வேலிடேஷன் 1000, கனெக்‌ஷன்-டைம்அவுட் 3000, சாக்கெட்டைம்அவுட் 30, ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் 20 நொடி, பூல் 8. எச்டிடிபி அழைப்புக்கும் 2 நொடி டைம்அவுட் வைத்துவிட்டேன். சும்மா இருந்த நேரத்துக்குப் பிந்தைய தாமதம் போய்விட்டது. ஆட்டோகமிட் மாற்றத்தைத் தனி ரிலீஸாக, ரோல்பேக் டெஸ்ட் எழுதிய பிறகே விடப்போகிறேன்.